பருப்பு நன்றாக வேகும் தண்ணீர்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஃபுளோரைடு பாதிப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

நல்ல தண்ணீருக்குக் கிராமத்தில் மூன்று அடையாளம் சொல்வார்கள். நாக்கில் உப்புக் கரிக்கக் கூடாது. சோப்பு நுரைக்க வேண்டும். துவரம்பருப்பு சீக்கிரம் குழைய வேண்டும். இந்த மூன்றிலும் தேறிய போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரைத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பல ஊர்களில் தலைமுறையாகக் குடித்து வந்தார்கள். பிள்ளைகளின் முன்பற்களில் காவி நிறக் கோடுகளும், நாற்பது வயதில் குனிய முடியாத இடுப்பும் வந்தபோது தண்ணீரின் மேல் யாருக்கும் சந்தேகம் வராததற்கு இதுவே முதல் காரணம்.

அந்தக் கறைக்கும் விறைப்புக்கும் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு. அதைக் காட்டாமல் இந்தச் சோதனை ஏமாற்றுவதற்கு வேதியியல் காரணம் உண்டு. பருப்பு வேகாமல் கெடுப்பதும் சோப்பை நுரைக்க விடாததும் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும்தான். கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கால்சியம் ஃபுளோரைடாகப் படிய வைத்துவிடும். தண்ணீரில் ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் ஏறாது. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடி, லேசான காரத்தன்மை கொண்ட தண்ணீரில்தான் ஃபுளோரைடு தடையின்றிக் கரைந்து நிற்கும். ஆகவே "மெத்து" என்று வீட்டுக்காரர்கள் விரும்பும் தண்ணீரிலேயே அது அதிகமாக இருக்க வாய்ப்பு கூடுதல். ஃபுளோரைடுக்கு நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. கையடக்க டி.டி.எஸ். மீட்டரும் உதவாது. கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை அது தோராயமாகக் காட்டும், அவ்வளவுதான். 400 என்று காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 0.4 மில்லிகிராமும் இருக்கலாம், 4 மில்லிகிராமும் இருக்கலாம்.

இந்த மண்ணின் அடியில் இருப்பது சார்னகைட், நைஸ் போன்ற கெட்டிப் பாறை. அவற்றிலுள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு, ஃபுளோரைட் முதலிய கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு மெல்ல மெல்ல நீரில் இறங்குகிறது. பாறை வெடிப்பில் நீர் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்கு அளவு ஏறும். மேல்மட்டக் கிணற்று நீர் மழைக்கு மழை புதுப்பிக்கப்படும். நிலத்தடி நீர் இறங்க இறங்க 500 அடி, 800 அடி என்று போர் போட்டபோது, நெடுங்காலம் பாறையோடு கிடந்த நீரை மேலே கொண்டுவந்தோம். அந்த வகையில் இது பாறையின் குணம் மட்டுமல்ல, நம் நீர்ப் பழக்கம் மாறியதன் விளைவும்கூட. ஆனாலும் ஆழத்தை வைத்து எந்த ஊரையும் கணித்துவிட முடியாது. ஒரே தெருவில் இரண்டு போர்களுக்கு இடையே இரண்டு, மூன்று மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனமும் 1.5 என்றுதான் வைத்திருக்கிறது, ஆனால் தட்பவெப்பத்தையும் மக்கள் குடிக்கும் நீரின் அளவையும் பார்த்துத்தான் ஒவ்வொரு நாடும் முடிவு செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. மே மாத வெயிலில் களையெடுப்பவர் ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடிப்பார். அவருக்கு 1.5 என்பது பெரிய அளவு.

1937-இல் தெரிந்த நோய்

இந்தியாவில் இந்த நோய், அதாவது ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் ஃபுளோரோசிஸ், முதலில் பதிவானது அன்றைய சென்னை மாகாணத்தில்தான். நெல்லூர்ப் பக்கத்து ஊர்களில் உழவு மாடுகள் கால் விறைத்து நடக்க முடியாமல் போயின. பிறகு மனிதர்களிடமும் அதே விறைப்பு காணப்பட்டது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றிய மருத்துவ ஆய்வாளர் ஷார்ட்டும் அவருடன் இருந்தவர்களும் 1937-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். தேசிய ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் 2008-09-இல் தொடங்கியபோதும் முதல் ஐந்து மாவட்டங்களில் நெல்லூர் இருந்தது. இடையில் எழுபது ஆண்டுகள்.

1973-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த இருவர், ஃபுளோரோசிஸ் பகுதிப் பிள்ளைகளிடம் முட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்படி கால் வளைவதைப் பதிவு செய்தார்கள். ஒரே தண்ணீரைக் குடித்தாலும் எல்லா உடம்பும் ஒரே மாதிரிக் கெடுவதில்லை. தட்டில் கால்சியம் குறைந்திருந்தால் பாதிப்பு கடுமையாகிறது.

உடம்புக்குள்

வெறும் வயிற்றில் குடிக்கும் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு ஏறக்குறைய முழுவதுமே இரத்தத்தில் சேர்ந்துவிடும். பால், தயிர், கேழ்வரகு போன்ற கால்சியம் மிகுந்த உணவோடு சேர்ந்து போனால் ஒரு பகுதி கட்டுண்டு மலத்தோடு வெளியேறும். இரத்தத்தில் சேர்ந்ததில் பெரியவர்களுக்கு ஏறத்தாழ பாதி சிறுநீரில் போகும், மீதி எலும்பில் தங்கும். வளரும் குழந்தைகளுக்கு எலும்பு பசியோடு இருப்பதால் 80 சதவீதம் வரை தங்கிவிடலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் தேக்கம் அதிகம். உடம்பிலுள்ள ஃபுளோரைடில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் கிடக்கிறது.

பல் கறை வருவது எட்டு வயதுக்குள், பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போது. முன்பற்களுக்கு ஒன்றேகால் வயது முதல் இரண்டரை வயது வரையான காலம் மிக முக்கியம். அப்போது ஏற்பட்ட குறை, ஏழு வயதில் பல் முளைத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். முதலில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு, பிறகு மஞ்சள், காவி. கோடுகள் பல்லுக்குக் குறுக்காக, இடமும் வலமும் ஒரே மாதிரி ஓடும். வெற்றிலைக் கறை ஈறோரமாகப் படியும், சுத்தம் செய்தால் போகும். இது பல்லின் எனாமலுக்குள்ளேயே இருப்பது. எந்தப் பொடியாலும் போகாது. பல் துலக்காத பிள்ளை என்று வகுப்பில் நிற்கவைத்துத் திட்டுவது பெரிய அநியாயம்.

எலும்பு பாதிப்பைக் கண்டுபிடிக்க மூன்று எளிய சோதனைகள் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர் வாசலிலேயே செய்து பார்க்கலாம். முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் நாணயத்தை எடுக்கச் சொல்வது. முகவாய்க்கட்டையால் நெஞ்சைத் தொடச் சொல்வது. கையைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பின்னந்தலையைத் தொடச் சொல்வது. முடியாவிட்டால் இடுப்பு, கழுத்து, தோள் என எங்கே விறைப்பு என்று தெரிந்துவிடும். முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வு சுண்ணாம்பு ஏறித் தெரிந்தால் சந்தேகம் உறுதியாகும். இதைச் செய்யாமல் வாத வலி என்று ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குபவர்கள் ஏராளம். அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுத்தால் ஃபுளோரைடு வெளியேறும் வழியும் குறுகும்.

ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகு

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் குறைப்பு இருக்கிறது. 2008-இல் அடிக்கல், ஜப்பானியக் கடனுதவி, ரூ.1,928.80 கோடி செலவு, 2013 மே 29 அன்று தொடக்கம். காவிரி நீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு. ஆகப் பெரிய தீர்வு இதுதான், இதில் சந்தேகமில்லை.

ஆனால் குழாய் வந்த வீட்டில் என்ன நடக்கிறது? காவிரித் தண்ணீர் முறை வைத்து வருகிறது. பிடித்த தண்ணீரைக் "குடிக்க மட்டும்" என்று இரண்டு குடம் மூடி வைக்கிறார்கள். அரிசி களைவது, உலை வைப்பது, களி கிண்டுவது, ரசம் கூட்டுவது, டீ போடுவது எல்லாம் வீட்டு போர் தண்ணீரில். மேலோட்டமாகப் பார்த்தால் சிக்கனம்; கணக்குப் போட்டால் ஓட்டை தெரியும்.

போர் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம், காவிரி நீரில் 0.3 என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் வேலை செய்யும் ஒருவர் மூன்றரை லிட்டர் குடிக்கிறார். சாப்பாட்டின் வழியாக அவருக்குள் போகும் நீர் ஒன்றரை லிட்டர்: சோறு உறிஞ்சியது அரை லிட்டருக்கு மேல், மீதி குழம்பு, ரசம், களி, டீ. கடைத்தூளில் போடும் மூன்று டம்ளர் டீயில் இலையிலிருந்தே இன்னும் 0.9 மில்லிகிராம் சேரலாம்.

எல்லாம் போர் நீர் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம். எல்லாம் காவிரி என்றால் 2.4. குடிக்க மட்டும் காவிரி, சமையல் போர் நீரில் என்றால் 6.4. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் ஆண்டுக்கணக்கில் உட்கொண்டால் எலும்பு பாதிக்கும் அபாயம் தெரியத் தொடங்குகிறது, 14-இல் அது தெளிவாகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அரைத் திருத்தம் மனிதரை 14-க்கு மேலிருந்து இறக்கி, 6-இன் வாசலில் நிறுத்திவிடுகிறது. பல் இன்னும் கறையாகிறது, மூட்டு இன்னும் வலிக்கிறது. "காவிரித் தண்ணி குடிச்சும் ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சு வருகிறது.

கொதித்தால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கிருமி சாகும், ஃபுளோரைடு ஆவியாகாது. ஒரு லிட்டர் ரசம் கொதித்து 800 மில்லியாக வற்றினால் மொத்த ஃபுளோரைடும் அந்த 800 மில்லியில் நிற்கும். 3 என்பது 3.75 ஆகிவிட்டது. குக்கர் சோறு போட்ட தண்ணீர் முழுவதையும் குடித்துவிடும். கஞ்சி வடித்த சோற்றிலாவது கொஞ்சம் வடிநீரோடு போகும். அந்த வடிகஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தால் அதுவும் இல்லை.

இரண்டாவது ஓட்டை மேல்நிலைத் தொட்டி. காவிரி நீர் குறையும் நாளில் ஊராட்சித் தொட்டியில் உள்ளூர் போர் நீரையும் ஏற்றிக் கலப்பது உண்டு. பாதிக்குப் பாதி கலந்தால் 1.65, எல்லைக்கு மேல். மேலே சொன்ன அளவுகளில் 1-க்குக் கீழே வர, நாலில் மூன்று பங்கு காவிரியாக இருக்க வேண்டும். தொட்டியை இயக்குபவரிடம் எந்தெந்த நாளில் எது ஏறுகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு, காவிரி மட்டும் வரும் நாளில் சமையலுக்கும் சேர்த்துப் பிடிப்பது நடைமுறை வழி. ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 30 முதல் 35 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடம் இரண்டு முதல் இரண்டரை. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ போர் நீரே போதும். தோல் வழியாக ஃபுளோரைடு ஏறாது. சமையல் குடத்தை வேறு நிறத்தில் வாங்கி அடுப்பருகிலேயே வைத்தால், அவசரத்தில் மோட்டார் குழாயை நோக்கிக் கை போகாது.

பலன் தராத வடிகட்டிகள், பலன் தருபவை

மண்பானை, கேண்டில் ஃபில்டர், கரி ஃபில்டர், யு.வி. விளக்கு, குளோரின் எதுவும் ஃபுளோரைடைக் குறைக்காது. தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், அத்தோடு சரி.

நாக்பூரிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) வகுத்த நல்கொண்டா முறை படிகாரத்தையும் சுண்ணாம்பையும் நம்பியது. 40 லிட்டர் வாளியில், அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் குழாய். மருந்துகளைச் சேர்த்து முதலில் வேகமாகவும் பிறகு பத்து நிமிடம் மெதுவாகவும் கிளறி, ஒரு மணி நேரம் படிய விட்டு, மேலே தெளிந்ததைப் பிடிக்க வேண்டும். படிகார அளவு ஃபுளோரைடை மட்டும் பொறுத்ததல்ல, தண்ணீரின் காரத்தன்மையையும் பொறுத்தது. இரண்டையும் ஆய்வகத்தில் பார்க்காமல் கைப்பிடிக் கணக்கில் போட்டால் ஃபுளோரைடும் முழுதாகப் போகாது, அலுமினியமும் தண்ணீரில் தங்கும். தினமும் கிளறி, கசடைக் கொட்டி, வாளியைக் கழுவ வேண்டும். வீடுகளில் இது நிலைக்காமல் போனதற்கு மக்களின் அக்கறையின்மையைக் குறை சொல்வது சரியல்ல. நாள்தோறும் ஒரு மணி நேரத்தைப் பெண்கள் தலையில் ஏற்றிய முறை அது.

ஆக்டிவேட்டட் அலுமினா (ஃபுளோரைடைப் பிடித்து வைக்கும் அலுமினிய ஆக்சைடு) குருணை நிரப்பிய வடிகட்டி நன்றாக வேலை செய்யும், சில மாதங்கள் வரை. பிறகு குருணை நிறைந்துவிடும். காரக் கரைசலிலும் அமிலத்திலும் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். நிறைந்துவிட்டது என்பதை நிறமோ சுவையோ காட்டாது. தண்ணீர் அதே வேகத்தில், அதே தெளிவில் வந்துகொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை சோதிக்க ஆள் இல்லாத ஊரில் இதை நம்பக் கூடாது.

ஆர்.ஓ. நல்ல நிலையில் இருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் நீக்கும். ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவு வெளியேறும். 3 மில்லிகிராம் நீரில் மூன்றில் ஒரு பங்கு சுத்த நீர் எடுத்தால், கழிவில் சுமார் 4.5 இருக்கும். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். மாட்டுத் தொட்டியில் ஊற்றக் கூடாது; நெல்லூர் மாடுகளுக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேரும்.

மழை நீரில் ஃபுளோரைடு இல்லையென்றே சொல்லலாம். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், ஆனால் வீடுகளில் அமைத்தது பெரும்பாலும் நீரை மண்ணுக்குள் அனுப்பும் குழி. இங்கே மண்ணுக்குள் போன நீர் திரும்பப் பாறையைத் தொட்டுத்தான் வரும். தேவை, சேர்த்து வைக்கும் தொட்டி. 300 சதுர அடிக் கூரை, ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் மழை, ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று கழித்தால் 19,000 லிட்டர் கிடைக்கும். ஐந்து பேருக்கு நாளைக்கு 35 லிட்டர் வீதம் ஆண்டுக்கு 12,775 லிட்டர் போதும். தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டும் எட்டிப்பார்க்கும் வட்டாரம் என்பதால், பிப்ரவரி முதல் மே வரையான 120 நாளுக்கு 4,200 லிட்டர் இருப்பு இருந்தால் சமாளிக்கலாம். 5,000 லிட்டர் தொட்டி ஒன்று. ஒவ்வொரு மழையிலும் முதல் 30, 40 லிட்டரை வெளியே விட வேண்டும். வெளிச்சம் புகாத மூடி, கொசுவலை கட்டிய வாய், 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். புதுச் சிமென்ட் தொட்டியின் முதல் நீர் சுண்ணாம்பாக இருக்கும், கொட்டிவிடுங்கள்.

தட்டில் செய்யக்கூடியது

நீரை மாற்றிய பிறகு உணவு துணை செய்யும். நீரை மாற்றாமல் உணவால் மட்டும் மீள முடியாது. இந்தியாவில் இந்த உணவுத் திருத்தத்தை விடாமல் வலியுறுத்தியவர் டெல்லி எய்ம்ஸில் பேராசிரியராக இருந்த ஏ.கே. சுசீலா. அவர் சொன்னதின் சாரம்: கறுப்பு உப்பு, அது கலந்த செரிமான மிட்டாய்கள், பாக்கு, பால் சேர்க்காத கடுந்தேநீர் ஆகியவற்றை விடுங்கள், கால்சியமும் வைட்டமின் சி-யும் கூட்டுங்கள்.

100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு, வெள்ளரிசியில் 10-ஐத் தாண்டாது. களி தின்ற வட்டாரம் அரிசிச் சோற்றுக்கு மாறியபோது ஃபுளோரைடைத் தடுத்து நின்ற ஒரு காவலும் போனது. காலையில் வெறும் வயிற்றில் சொம்பு நிறையப் போர் தண்ணீர் குடிக்கும் பழக்கம் இருந்தால், அந்தச் சொம்பை முதலில் காவிரிக்கு மாற்ற வேண்டும். உறிஞ்சல் மிக அதிகம் அப்போதுதான். டீக்குப் பதில் மோர். முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள், நெல்லிக்காய் கிடைக்கும் பருவத்தில் தினம் ஒன்று.

புளியைப் பற்றி ஒரு நல்ல செய்தி இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் புளி வீதம் 18 நாள் உணவோடு கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் வெளியேறும் ஃபுளோரைடு கூடியது, 2002-இல் வெளியிட்டார்கள். சிறு ஆய்வு, குறுகிய காலம். புளிக்குப் பெயர்போன இந்த மாவட்டங்களில் குழம்பு வைக்கும் வீட்டுக்கு இது புதிதாக எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புளியைப் போர் தண்ணீரில் கரைத்தால் கொடுத்ததை அதே கையால் வாங்கிக்கொள்வதுதான்.

பற்பசையில் 1,000 பி.பி.எம். என்றிருந்தால் ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு. மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, துப்பும் வரை பக்கத்தில் ஒருவர். பிரஷ் முழுக்கப் பிதுக்கிக் கொடுத்து, இனிப்பாக இருக்கிறதென்று குழந்தை விழுங்குவதே சிக்கல்.

சோதனைக்குக் கொடுக்கும் முறை

பிளாஸ்டிக் பாட்டில், ஒரு லிட்டர்; கண்ணாடி வேண்டாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். பாட்டிலில் ஊர், தெரு, போரின் ஆழம், தேதி. மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கலாம். ஃபுளோரைடோடு காரத்தன்மை, கால்சியம், நைட்ரேட் அளவையும் கேட்டு வாங்குங்கள். மே மாதம் ஒருமுறை, மழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை. ஒரே ஒரு முடிவை வைத்து நிம்மதியடைய வேண்டாம். வீட்டு போரை ஆழப்படுத்தினால் பழைய சான்று செல்லாது. அடிபம்பில் எல்லை மீறினால் சிவப்பு வண்ணம் பூசச் சொல்லி ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள்.

நீரை மாற்றிய சில வாரங்களில் வயிற்று உப்புசம், அடிக்கடி தாகம் போன்றவை குறையலாம், சிறுநீரில் ஃபுளோரைடு இறங்கும். எலும்பில் சேர்ந்தது வெளியேற ஆண்டுகள் பிடிக்கும். கறை பட்ட பல் அப்படியேதான் இருக்கும்.

தாய் போர் நீரையே குடித்தாலும் தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகச் சொற்பம்; ஆறு மாதம் வரை குழந்தைக்கு அதுவே காப்பு. ஏழாம் மாதம் கேழ்வரகுக் கஞ்சி தொடங்கும் நாளில் காப்பு உடைகிறது. 200 மில்லி போர் நீரில் காய்ச்சிய கஞ்சி இரண்டு வேளை என்றால் 1.2 மில்லிகிராம், அந்த வயதுக்கு அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர்கள் வகுத்த நாள் உச்சவரம்பு 0.9. எனவே ஒரே ஒரு குடம் காவிரி நீர் மட்டும் கிடைத்த நாளில் வரிசை இது: முதலில் கைக்குழந்தையின் கஞ்சிக்கு. அடுத்து எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குடிக்க. பிறகு கர்ப்பிணிக்கும் சிறுநீரக நோயாளிக்கும். மிச்சம் இருந்தால் சோற்று உலைக்கு.